வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லையா? எரேமியா 29-ஐ முழுதாக வாசியுங்கள்

கேள்வி: இந்த வருடம் வாட்ச் நைட் (புத்தாண்டு நள்ளிரவு) ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது வருடத்துக்கான வேதவசனம் அச்சிட்ட அட்டையில், எரேமியா 29:11 இருந்தது. என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்கிறான். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் ஜெபித்தோம். வருடம் முடியப் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் உள்ளூரிலேயே குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை வந்தது. அதை ஏற்றுக்கொண்டால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று மகன் மறுக்கிறான். என் கணவர் போகச் சொல்கிறார். என் விசுவாசத்தில்தான் குறையா? ஒரு வசனத்தை எப்படிப் படித்து வாழ்க்கையில் கைக்கொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. வசனமும் பொய்த்துப்போகவில்லை. அட்டையில் உங்களுக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரே ஒரு வரி. அந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தால், உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற வாக்குவாதத்துக்கே அதில் வெளிச்சம் இருக்கிறது. அது பெரும்பாலும் உங்கள் கணவர் பக்கமே சாய்கிறது.

எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அரை மணி நேரம் போதும். வாசிக்கும்போது உங்கள் மகனை நினைக்க வேண்டாம். இது கஷ்டம் என்று தெரியும். ஆனால் முதல் வாசிப்பில் "இது யாருக்கு எழுதப்பட்டது, அவர்கள் அப்போது என்ன நிலைமையில் இருந்தார்கள்" என்பதை மட்டும் தேடுங்கள். நமக்கு என்ன சொல்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் இளம் ராஜாவான எகொனியாவையும் அரண்மனைக்காரரையும் தச்சர், கொல்லர் முதலான தொழிலாளிகளையும் சிறையாகக் கொண்டுபோனான். எருசலேம் இன்னும் இடிக்கப்படவில்லை, ஆலயமும் நின்றுகொண்டிருந்தது. அதனால் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் ஒரே நம்பிக்கைதான்: சீக்கிரம் திரும்பிவிடலாம்.

அந்த நம்பிக்கைக்குக் குரல் கொடுத்தவன் அனனியா என்ற தீர்க்கதரிசி. 28-ஆம் அதிகாரத்தில் அவன் ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் நின்று, கர்த்தருடைய நாமத்தில், இரண்டு வருடத்துக்குள் ராஜாவும் சிறைப்பட்டவர்களும் ஆலயப் பணிமுட்டுகளும் திரும்பிவரும் என்று அறிவித்தான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். அதற்கு முன்பே எரேமியா அவனுக்குச் சொன்ன முதல் பதிலைக் கவனியுங்கள். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். நல்ல செய்தி கேட்க அவருக்கும் ஆசைதான்! ஆனால் ஆசையும் தேவனுடைய வார்த்தையும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியும். எரேமியா முன்னறிவித்தபடியே, அந்த வருடமே ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான்.

இதற்கு அடுத்து வருவதுதான் 29-ஆம் அதிகாரக் கடிதம். எருசலேமிலிருந்து ராஜாவின் தூதர்கள் கையில் பாபிலோனுக்கு அனுப்பப்பட்டது. பிற்காலத்தில் எஸ்றா அதே வழியில் எதிர்த்திசையில் வர நான்கு மாதம் ஆனது என்று எஸ்றா 7:9-லிருந்து தெரிகிறது. அவ்வளவு தூரத்தில், "எப்போது வீடு திரும்புவோம்" என்று காத்திருந்தவர்களுக்குக் கடிதத்தின் முதல் கட்டளை என்ன தெரியுமா? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." அப்புறம் கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவையுங்கள் என்று போகிறது. 10-ஆம் வசனம் கணக்கையும் சொல்லிவிடுகிறது: 70 வருடம்.

இதற்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டையில் இருப்பது. 10-ஐ விட்டுவிட்டு 11-ஐ மட்டும் வாசித்தால், நாம் மனதில் எதை எதிர்பார்க்கிறோமோ அது கிடைக்கும் என்று தோன்றும். 10-ஐயும் சேர்த்து வாசித்தால்? கடிதம் கேட்டவர்களில் நடுவயதுக்காரர் எவரும் 70 வருடம் கழித்து ஊர் திரும்ப முடியாது. அவர்கள் எதிர்பார்த்தது இரண்டு வருடம். தேவன் நினைத்தது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று அவர் சொல்வது, சிறையிருப்பு இருந்தும், அது நீண்டும், அவர் தம்முடைய ஜனத்தைக் கைவிடவில்லை என்ற உறுதி. பாபிலோன் கி.மு. 539-ல் வீழ்ந்தது. அடுத்து பெர்சிய ராஜாவான கோரேசின் கட்டளையால் யூதர்கள் திரும்பினார்கள். வாக்கு நிறைவேறியது.

இடையில் அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வேதாகமத்துக்கு வெளியேயும் தடயம் இருக்கிறது. பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் எகொனியா ராஜாவுக்கும் அவருடைய 5 குமாரருக்கும் அளந்துகொடுத்த எண்ணெயின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு தொகுதிப் பலகைகள், கி.மு. 572 முதல் 477 வரையிலானவை, யூதர்கள் குடியிருந்த ஒரு கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிப் பேசுகின்றன. வாற்கோதுமை, பேரீச்சை, குத்தகை, கடன், வரி என்று எல்லாம் அன்றாட விவகாரம். எரேமியாவின் கடிதம் சொன்ன தோட்டமும் கனியும் வெறும் பேச்சாகப் போகவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சரி, இப்போது உங்கள் மகனை நினைக்கலாம்.

அன்று அவர்களுக்குச் சொன்னதை இன்று நமக்கு எடுத்துவரும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் எது வேறு? எது ஒன்று? வேறானது நிறைய. இது ஒரு ஜனத்துக்குச் சொன்னது, தனி ஒருவருடைய வேலைக்கு அல்ல. சிறையிருப்பு அவர்களுடைய பாவத்துக்கு வந்த தண்டனை. 70 வருடம் அவர்களுக்கு மட்டும் உரிய கணக்கு. ஆகவே "இந்த வருடத்துக்குள் வெளிநாட்டு வேலை" என்று இந்த வசனம் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கு நிறைவேறாமல் போனதற்கு நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். "உன் விசுவாசம் பத்தவில்லை" என்று யாராவது சொன்னால் அதையும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மாறாதது தேவனுடைய குணம். தம்முடையவர்களை மறக்காத, காலத்தைத் தம் கையில் வைத்திருக்கிற, சொன்னதைச் செய்கிற தேவன். இதைக் கிறிஸ்தவர்களாகிய நாம் இயேசுவின் வழியாகத்தான் பெற்றுக்கொள்கிறோம். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் அவருக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறதாக 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறது. பேதுருவும் சபையாரை "அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற" என்றே அழைக்கிறார் (1 பேதுரு 2:11). சிறையிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே நேர்மையான பாலம்.

அந்தப் பாலத்தில் நடந்து வந்தால், காத்திருப்பதைப் பற்றி இந்தக் கடிதம் தெளிவாகப் பேசுகிறது. காத்திருக்கிற காலத்தில் வாழ்க்கையை நிறுத்திவைக்காதே என்கிறது. தோட்டம் போட்டவன் எருசலேமை மறந்தவன் ஆகவில்லை. அதேபோல் உள்ளூர் வேலைக்குப் போகிற பையன் அவிசுவாசி ஆகிவிட மாட்டான். அந்த வேலை நேர்மையானதாக இருந்து, வேறு தடை இல்லை என்றால், அவன் போகட்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பதையும் ஜெபிப்பதையும் தொடரட்டும்.

7-ஆம் வசனத்தை நம்முடைய வேதபாடங்களில் அதிகம் கேட்பதில்லை. உங்களைச் சிறையாகக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. தங்கள் வீட்டை இழக்கச் செய்த ஊருக்காக! உங்கள் மகனுக்குப் பிடிக்காத அந்தச் சிறிய அலுவலகம், அதன் முதலாளி, உடன் வேலை செய்யப்போகிறவர்கள், அவன் விட்டுப் போக நினைக்கிற உங்கள் ஊர், இவற்றுக்காக அவன் தினமும் ஜெபிக்கத் தொடங்கினால் இந்த அதிகாரத்தை அவன் கைக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். அப்புறம் 12, 13-ஆம் வசனங்களையும் விடாதீர்கள். "உங்கள் முழு இருதயத்தோடும் என்னைத் தேடினீர்களானால், என்னைத் தேடுகையில் கண்டுபிடிப்பீர்கள்." அங்கே கண்டுபிடிக்கச் சொல்வது அவரையே.

இந்தக் கடிதத்தின் 70 வருடக் கணக்கை ஒருவர் எப்படி வாசித்தார் என்பதை வேதாகமமே காட்டுகிறது. தானியேல் 9:2-ல், பாபிலோனுக்குச் சிறையாகப் போன தானியேல் எரேமியாவின் வார்த்தைகளைப் படித்து, 70 வருடம் என்பதைப் புரிந்துகொள்கிறார். உடனே மூட்டை கட்டவில்லை. "எனக்கு எப்போது விடுதலை" என்றும் கேட்கவில்லை. உபவாசித்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று தன் ஜனத்தோடு தன்னையும் சேர்த்து அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். அவரோ பாபிலோன் அரசாங்கத்தில் நேர்மையாக வேலை பார்த்தே வயதானவர். படித்த பகுதி அவரை ஜெபத்துக்குள் கொண்டுபோனது. வேத தியானத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இதே அதிகாரத்தின் "வீடுகளைக் கட்டி" என்ற வரியை எடுத்து, "கர்த்தர் எனக்கு மனை வாங்கச் சொல்லிவிட்டார்" என்று கடன் வாங்குகிறவர்களும் உண்டு. அதுவும் அட்டை வாசிப்புதான். வசனம் சரியாகச் சொல்லப்பட்டும் தவறாகப் பயன்படலாம். இயேசுவைச் சோதித்தபோது பிசாசு சங்கீதம் 91-ஐத்தான் எடுத்துச் சொன்னான். இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தால் பதில் கொடுத்தார். ஒரு வசனத்தின் அளவை இன்னொரு வசனம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஒத்த வசனங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறோம்.

பகுதியின் தன்மையையும் பாருங்கள். நீதிமொழிகள் பொதுவாக வாழ்க்கை எப்படிப் போகும் என்று சொல்லும் ஞானம், ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல. சரித்திரப் பகுதிகள் நடந்ததைச் சொல்கின்றன, நடந்ததையெல்லாம் நாம் செய்யச் சொல்வதில்லை. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டதைப் பார்த்து நாமும் அப்படிக் கேட்கலாம் என்று நினைக்கிறோம். தேவன் தனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பதை அவனே அந்த ஜெபத்தில் சொல்கிறான் (நியாயாதிபதிகள் 6:36). நிருபங்களில், அதாவது அப்போஸ்தலர்களின் கடிதங்களில், சபைகளுக்குக் கொடுத்த கட்டளைகள் பெரும்பாலும் நமக்கு நேராகவே வரும்.

வாக்குத்தத்த அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். நம் சபைகளில் பலருக்கு வருடத் தொடக்கத்தில் வேதாகமத்தைத் திறக்க வைப்பது அந்த அட்டைதான். அடுத்த வருடம் அட்டை வந்ததும், ஜனவரி முதல் வாரத்துக்குள் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தையும், முன்னும் பின்னுமுள்ள அதிகாரத்தையும் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசியுங்கள். ஒரு நோட்டில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: இது யாருக்குச் சொல்லப்பட்டது, தேவனைப் பற்றி என்ன தெரிகிறது, இந்த வாரம் நாம் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவதை எழுதும்போது "அன்பாக இருக்க வேண்டும்" என்பதுபோல் பொதுவாக எழுதினால் அது நோட்டிலேயே தங்கிவிடும். யாரிடம், எந்த நாளில், எதைச் செய்யப்போகிறோம் என்று எழுதுங்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, பாஸ்டரிடமோ வேதபாடம் எடுக்கிற மூத்தவர்களிடமோ கேளுங்கள்.

இந்த வாரத்துக்கு: மகனை உட்காரவைத்து அறிவுரை சொல்லாதீர்கள். எரேமியா 28, 29-ஐ அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் கணவரும் உடன் இருக்கட்டும். வாசித்து முடித்ததும், "அந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளில் நீ அங்கே இருந்திருந்தால் மறுநாள் காலையில் என்ன செய்திருப்பாய்" என்று மட்டும் கேளுங்கள். அவன் யோசித்துப் பதில் சொல்லட்டும். அந்த உள்ளூர் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. எரேமியா முடிந்த பிறகு 1 பேதுருவுக்குப் போங்கள். 5 அதிகாரம்தான், அதுவும் ஒரு கடிதம்தான், இதே மாதிரி வாசிக்கலாம்.