வடிநீரில் இருப்பது மரபணு கடத்தியா, மிச்சச் செல்லா?

கேள்வி: ரிஃபாம்பிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ் பாக்டீரியா வளர்ப்பை வடிகட்டி, தாங்காத செல்களோடு கலந்தேன். ரிஃபாம்பிசின் தட்டில் காலனிகள் வந்தன. மரபணு கடத்தும் துகள்தான், அதாவது ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏத் துண்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் புரதக் கூடுதான் என்கிறார் வழிகாட்டி. இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ஆய்வாளரோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கேட்கிறார். ஒரு சேவை நிறுவனம் மரபணுத் தொகுதியை மட்டும் பார்த்து 'உறுதி' என்று அறிக்கை தருவதாகச் சொல்கிறது. எதைச் செய்வது?

பதில்: படமும் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம். முதலில் மூன்று தட்டுகள் போடுங்கள்.

வடிநீர் மட்டும் ஒரு தட்டில். அதில் காலனி வந்தால் செல்கள் வடிகட்டியைத் தாண்டியிருக்கின்றன. 0.45 மைக்ரான் வடிகட்டியை நம்ப வேண்டாம், 0.2 போடுங்கள். பெறும் செல்கள் மட்டும் இன்னொரு தட்டில். ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும் என்பதால், ஏறத்தாழ பத்துக் கோடிச் செல்லுக்கு ஒன்று தானாகவே தாங்கத் தொடங்கிவிடும். கலவைத் தட்டில் இதைவிடப் பல மடங்கு காலனி வந்தால்தான் பேச்சு. மூன்றாவது தட்டு, டிஎன்ஏஸ் (துகளுக்குள் இல்லாமல் வெளியே மிதக்கும் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்த வடிநீரும் பெறும் செல்களும் கலந்தது. கூடவே, அதே திரவத்தில் கொஞ்சம் வெற்று டிஎன்ஏவையும் அதே நொதியோடு வையுங்கள். அது சிதையவில்லை என்றால் உங்கள் டிஎன்ஏஸ் செத்துவிட்டது, மூன்றாவது தட்டுக்கு மதிப்பில்லை. இதைச் செய்யாமலே 'டிஎன்ஏஸுக்கு அசையவில்லை' என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

காலனியே வராமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. வளர்ச்சி ஓய்ந்த கட்டத்தில்தான் துகள் வெளிவரும். வேகமாகப் பெருகும்போது எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. அப்போதும் நூற்றில் மூன்று செல்களுக்கும் குறைவாகவே உற்பத்தி செய்கின்றன, அவையும் வெடித்துச் சாகின்றன. தாங்கல் கரைசலில் மெக்னீசியம், கால்சியம் தலா 1 மில்லிமோலார் இருக்கட்டும். மாட்டு அல்புமினும் சேருங்கள், இல்லையெனில் துகள்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிப் போகும். கலந்து ஒரு மணி நேரம் வைத்தபின் ஊட்டம் ஊற்றி இன்னும் மூன்று மணி நேரம் விடுங்கள். புதிய மரபணு வேலை செய்யத் தொடங்குமுன் மருந்தில் போட்டால் வென்ற செல்லும் சாகும்.

இனி அது ஃபேஜா (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்), கடத்தியா என்பது. இதற்கு ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட மேல். டிஎன்ஏஸ் போட்ட துகள்களைச் செறிவாக்கி, நொதியைச் செயலிழக்கச் செய்து, புரதத்தை நீக்கி, உள்ளிருக்கும் டிஎன்ஏவை, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். ரோடோபாக்டரில் சுமார் 4,000 கார இணை அளவில் ஒரே பட்டை தெரியும். அதை வெட்டு நொதியால் வெட்டிப் பாருங்கள். ஃபேஜ் என்றால் எல்லாத் துகளிலும் ஒரே டிஎன்ஏ, எனவே தெளிவான சில பட்டைகள். கடத்தி என்றால் ஒவ்வொரு துகளிலும் பாக்டீரியா குரோமோசோமின் வெவ்வேறு துண்டு, எனவே வெட்டியபின் பரவிய கறை மட்டுமே. கடத்தியை உண்டாக்கும் மரபணுக் கொத்தே 14,000 கார இணைக்கு மேல். அது 4,000 கொள்ளும் தலைக்குள் முழுதாக நுழையாது. ஆகவே ஃபேஜ் போலத் தன்னைப் பரப்பவும் முடியாது.

'மைட்டோமைசின் (டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மருந்து) போட்டதும் பெருகினால் அது ஃபேஜ்' என்ற பாடம் பல ஆய்வகங்களில் ஓடுகிறது. பன்றிக் கழிச்சலை உண்டாக்கும் பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டீரியே என்ற பாக்டீரியா இதைப் பொய்யாக்குகிறது. அதன் விஎஸ்ஹெச்-1 துகள் மைட்டோமைசினால் தூண்டப்படுகிறது, பார்க்க வாலுள்ள ஃபேஜ் போலவே இருக்கிறது, ஆனால் சுமப்பது ஓம்புயிரின் ஏதோ 7,500 கார இணைத் துண்டு. பன்றித் தீவனத்தில் சேர்க்கப்பட்ட கார்படாக்ஸ் மருந்துகூட அதைத் தூண்டுகிறது. ஆக, எது தூண்டுகிறது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்; உள்ளே இருப்பதை வைத்துக் கட்டுங்கள்.

படம் கேட்பவருக்கு: 30 நானோமீட்டர் தலையும் ஒரு வாலும் கொண்ட துகள் சிறு ஃபேஜ் போலவே தெரியும். அழகான படம் எதையும் நிரூபிக்காது. 1974-இல் பாரி மார்ஸ் இதைக் கண்டறிந்தது மரபணு கடத்தப்படுவதைப் பார்த்துத்தான். ஆனாலும் கட்டுரைக்கு முகப்பு ஒப்பனை வேண்டும் என்ற பழக்கம் போக மறுக்கிறது.

அந்த 'உறுதி' அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோடோபாக்டரின் கொத்தைப் போன்ற மரபணுக்கள் அது சேர்ந்த பெரிய பாக்டீரியா வகுப்பான ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியாக்களில் பரவலாக உள்ளன, பலவற்றில் அரைகுறையாக. இலவச மென்பொருள் அவற்றை 'முழுமையற்ற ஃபேஜ்' என்று முத்திரை குத்தும். அந்தச் சேவை நிறுவனம் அதே வரியை 'கடத்தி உண்டு' என்று மாற்றித் தட்டச்சு செய்து விற்கும். மரபணு இருப்பது வேறு, துகள் உண்டாவது வேறு. அந்தப் பணத்தில் தலைப்புரத மரபணுவை நீக்கிய ஒரு திரிபைச் செய்யுங்கள். அதன் வடிநீரில் காலனிகள் தானாக வரும் எண்ணிக்கைக்கு இறங்கி, மரபணுவைத் திரும்பக் கொடுத்ததும் ஏறினால், ஆய்வாளருக்கு அந்த ஒரு வரைபடம் போதும்.