இளநீர் நல்லதா, ஆகாததா? சிறுநீரகம் பற்றி வாசகர் கேள்விகள்

வெயில் ஏறிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் கல்லடைப்புதான் முன்னால் நிற்கிறது.

செங்கல் சூளையில் வேலை, வயது 42. இடுப்பில் ஆரம்பித்து விதைப்பை வரை வலி இழுத்தது. ஸ்கேனில் இடது பக்கக் குழாயில் 6 மி.மீ. கல். தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன். பீர் குடித்தால் கல் இறங்கிவிடும் என்கிறார்கள். ஒரு வாரமாக வலி இல்லை. கல் கரைந்துவிட்டதா? (மேலூர் வாசகர்)

வலி நின்றதை வைத்துக் கல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய் 25 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான நீளம். உட்புற அகலம் 3, 4 மி.மீ.தான். அதில் மூன்று குறுகல்கள்: சிறுநீரகத்திலிருந்து புறப்படும் இடம், இடுப்பெலும்பு அருகே பெரிய ரத்தக் குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். உங்கள் கல் ஒரு துவரை அளவு. அது குறுகலில் சிக்கியதும் மேலே நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. உயிர் போகிற வலி அந்த வீக்கத்தால்தான். சில நாளில் உள் அழுத்தம் குறைந்து வலி அடங்கிவிடும், ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் அந்தச் சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கும். எனவே மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

5 மி.மீ. வரையிலான கற்களில் பெரும்பாலானவை தானாக இறங்கிவிடும். 6 முதல் 10 மி.மீ. வரை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் யூரிட்ரோஸ்கோப்பி (சிறுநீர் வழியே மெல்லிய கருவியைச் செலுத்திக் கல்லை எடுப்பது) போன்ற சிகிச்சைதான். உங்களுக்கு நான்கு வாரம் வரை காத்திருக்கலாம். குழாயைத் தளர்த்தும் மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்ப்பார். அதுவரை டீ வடிகட்டியில் சிறுநீரைப் பிடியுங்கள். கல் விழுந்தால் எறியாமல் லேபில் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க முடியும். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடைப்புக்கு மேல் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்காது. நம் ஊரில் அதிகம் காணும் கால்சியம் ஆக்சலேட் கல் எந்தச் சாற்றிலும் கரைவதில்லை. சாறாக உள்ளே போகும் தண்ணீர்தான் பலன். பீர் சற்று நேரம் சிறுநீரைக் கூட்டும், பிறகு உடம்பை வற்றவைக்கும். யூரிக் அமிலத்தையும் ஏற்றும். அதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

‘தினமும் 3 லிட்டர் தண்ணீர்’ என்ற கணக்கு சூளையில் நிற்பவருக்குச் செல்லாது. பாதி வியர்வையாகப் போய்விடும். வெளியேறும் சிறுநீரைத்தான் அளக்க வேண்டும். லீவு நாள் ஒன்றில் 24 மணி நேரச் சிறுநீரையும் பழைய வாட்டர் பாட்டிலில் அளந்து பாருங்கள், இரண்டரை லிட்டர் வர வேண்டும். வேலை நாளில் நிறத்தைப் பார்த்தால் போதும்: வைக்கோல் நிறம் சரி, கடுங்காப்பி போல இருந்தால் போதவில்லை. படுக்கும் முன்பும் ஒரு டம்ளர் குடியுங்கள். உப்பும் சர்க்கரையும் போடாத எலுமிச்சைச் சாறு நல்லது. அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். கால்சியம் கல் என்று சொன்னதும் பலர் பாலையும் மோரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தலைகீழ். உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவது அந்தக் கால்சியம்தான். பாலக்கீரை செய்கிற நாளில் தயிரும் இலையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு 62 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் 1.4. லேப் தாளில் 1.1 வரை நார்மல் என்றிருக்கிறது. ‘கொஞ்சம்தானே கூட’ என்று அப்பா சொல்கிறார். அம்மா மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். (திருமங்கலம் வாசகி)

அந்தப் புள்ளி மூன்றுதான் ஏமாற்றுகிறது. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். வடிகட்டும் நுண் அலகுகளான நெஃப்ரான்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம். பாதி போனாலும் மீதி சுமந்துகொள்ளும். அதனால் கிரியேட்டினின் ஏறுவது தாமதமாகத்தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்து ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்ற அளவு) கணக்கிட்டால், உங்கள் அம்மாவின் 1.4 நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 மி.லி. 25 வயது இளைஞருக்கு அதே 1.4 என்றால் 70-க்கு மேல் வரும். 60-க்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே வந்தால் டயாலிசிஸ் பேச்சு எழும்.

அந்தத் தாளில் இல்லாத இன்னொரு சோதனை வேண்டும்: சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். காலை முதல் சிறுநீர் போதும். ஒரு கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ் சரி, 300-க்கு மேல் மோசம். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும்போது கொடுத்தால் பொய்யாக அதிகம் காட்டலாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டிலாவது கூடியிருந்தால்தான் உறுதி. சர்க்கரை உள்ள எல்லோரும் வலி, வீக்கம் வரும்வரை காத்திராமல் வருடம் ஒரு முறை இரண்டையும் பார்க்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இன்றோடு நிற்கட்டும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வழியை அவை சுருக்குகின்றன. வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போது போட்டால் இரண்டே நாளில் கிரியேட்டினின் இரட்டிப்பாகலாம். வலிக்கு அளவோடு பாராசிட்டமால் பற்றிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே வந்ததுமே அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். பிரஷர் 130/80-க்குள் இருக்கட்டும். அப்பாவிடம் 1.4 என்று சொல்லாதீர்கள், 42 என்று சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணிப் பக்கம் பூ வியாபாரம். நான்கு மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு. வெளியே போக வசதியில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் மாத்திரையில் சரியாகிறது.

பெண்களின் சிறுநீர்த் தாரை 4 செ.மீ.தான், ஆணுக்கு 20. கிருமி ஏறுவதற்கு அதிக தூரமில்லை. நீங்கள் குடிக்காமலும் அடக்கியும் வைத்திருப்பதால் கழுவி வெளியேற்றப்படாமல் அங்கேயே பெருகுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போக ஒரு இடம், கட்டணக் கழிப்பறை என்றாலும், முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை கடுத்தால் முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள்: கழுவிவிட்டு, முதல் சிறுநீரைக் கீழே விட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் டப்பாவில் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்பது இரண்டு, மூன்று நாளில் தெரியும். ரத்தச் சர்க்கரையும் ஸ்கேனும் ஒரு முறை பாருங்கள். மாதவிலக்கு நின்றவர் என்றால் அதற்கென்றே ஹார்மோன் கிரீம் உண்டு, மகளிர் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பா வாரம் மூன்று டயாலிசிஸ் செய்கிறார். தாகம் தாங்காமல் இளநீர் கேட்கிறார். இயற்கையானதுதானே, கொடுக்கலாமா? (சோழவந்தான் வாசகர்)

கூடாது. ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு நாள் முழுவதுக்குமே 2000 சுற்றுவட்டாரம்தான். சிறுநீராக வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு நிற்கலாம். மேலூர்க்காரர் தாராளமாகக் குடிக்கலாம், அப்பாவுக்கு அதுவே விஷம். ‘லோ சோடியம்’ உப்பும் வேண்டாம், அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. இந்துப்பும் உப்புதான். காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளியுங்கள்.

தாகத்துக்கு மூல காரணம் உப்பு. அதைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் பூட்டிவைத்தால் சண்டைதான் மிஞ்சும். முந்தைய நாள் வந்த சிறுநீரோடு அரை லிட்டர் என்பது பொதுவான அளவு. ரசம், காபி, ஜிகர்தண்டா எல்லாம் அந்தக் கணக்கில்தான். சிறு டம்ளர் வையுங்கள், ஐஸ் துண்டைச் சப்பச் சொல்லுங்கள், தினமும் காலையில் எடை பாருங்கள்: ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தேங்கியிருக்கிறது. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருந்தால் அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். காலையில் அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே சென்டருக்குப் போன் செய்யுங்கள்.