இல்லினாயா, பர்டூவா?

கேள்வி: மகனுக்கு அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் வந்திருக்கிறது. ஒன்று அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம். மற்றது பக்கத்து மாநிலமான இந்தியானாவின் பர்டூ. அவன் ஆசையெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். தரவரிசையில் முன்னால் நிற்கும் இல்லினாயையே எடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தரவரிசை இருக்கட்டும். அட்மிஷன் கடிதத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லினாயில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றே இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம். பிரிவு குறிக்காத பொறியியல் என்றிருந்தால் பிறகு மெக்கானிக்கலுக்கோ சிவிலுக்கோ போகலாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்த வழி கிடையாது. 'உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

பர்டூவில் பொறியியல் மாணவர்களுக்கு முதல் வருடம் பொதுப் படிப்பு. அதில் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் வாங்கும் மார்க்தான் பிரிவைத் தீர்மானிக்கும். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் இருப்பது பொறியியல் கல்லூரியில் அல்ல, அறிவியல் கல்லூரியில். பொறியியலில் சேர்ந்துவிட்டு அங்கே போக 'கோடோ' என்ற மாறுதல் விண்ணப்பம் போட வேண்டும். இடம் இருந்தால்தான் கிடைக்கும், போட்டியும் கடுமை. பொறியியலுக்குள்ளேயே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் உண்டு. அதில் சர்க்யூட், சிக்னல் பாடங்கள் தப்பாது. கோடிங் மட்டும் பிடித்த பையன் அங்கே திணறிப்போவான்.

கட்டணத்தில், இல்லினாயில் சேரும் ஆண்டின் அடிப்படைக் கல்விக் கட்டணம் நான்கு வருடத்துக்கும் ஏறாது. ஹாஸ்டலும் சாப்பாடும் ஏறும். பொறியியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் கட்டணம் கூடுதல் என்பதால் அந்தப் பிரிவுக்கான தொகையையே பாருங்கள். பர்டூ 2013 முதல் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தது. அது நிர்வாகக் குழு அவ்வப்போது எடுக்கும் முடிவு, உங்கள் மகனுக்கு எழுதிக் கொடுத்த உறுதி அல்ல. இரண்டிலும் வெளிநாட்டு மாணவருக்கான தனிக் கட்டணத்தைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஊரை வைத்து முடிவு செய்ய எதுவுமில்லை. இரண்டுமே சோளக்காட்டுக்கு நடுவே. சிகாகோவுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இரண்டு இடத்திலிருந்தும் ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வந்தால், சேரப்போகும் இடத்தின் ஐ-20-ல் உள்ள செவிஸ் எண்ணுக்கே (வெளிநாட்டு மாணவருக்கான அமெரிக்க அரசின் பதிவு எண்) 350 டாலர் பதிவுக் கட்டணம் கட்டுங்கள். விசா நேர்காணலிலும், அமெரிக்காவில் இறங்கும்போதும் அதே ஐ-20 கையில் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி விசா வாங்கி மற்றொன்றோடு போய் இறங்கினால் குடிவரவு அதிகாரி அங்கேயே நிறுத்திவிடலாம். மே 1-க்குள் ஒன்றுக்கு மட்டும் முன்பணம் கட்டி, மற்றதை வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.