குஞ்சுக் கொட்டகையில் சூடு போதவில்லை: பழுது ஹீட்டரிலா, ஒயரிலா?

கேள்வி: வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் குஞ்சுக் கொட்டகை இருக்கிறது. 230 வோல்ட், 1000 வாட் ஹீட்டர் இரண்டு மாட்டியிருக்கிறேன். அப்படியும் முதல் வாரக் குஞ்சுகள் ஹீட்டருக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கின்றன. இரண்டும் ஓடும்போது அளந்ததில் வீட்டு மெயின் போர்டில் 230 வோல்ட், கொட்டகையில் 190 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளக்கும் கருவி) 7.2 ஆம்பியர். ஒயர் 1.5 சதுர மி.மீ. தாமிரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாதி வழியில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று உண்டு. ஹீட்டர் காயில் போய்விட்டதா? மூன்றாவது ஹீட்டர் மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். ஹீட்டர்கள் நன்றாக இருக்கின்றன; சூடு வழியிலேயே கரைகிறது. நீங்கள் எடுத்த மூன்று அளவுகளே அதைக் காட்டிவிடும்.

முதலில் ஹீட்டர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: 190 ÷ 7.2 = 26.4 ஓம். இருக்க வேண்டியது எவ்வளவு? 1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 4.35 ஆம்பியர், 230 ÷ 4.35 = 52.9 ஓம். இரண்டு ஹீட்டர் பக்க இணைப்பில் இருப்பதால் அதில் பாதி, 26.45 ஓம். இரண்டும் பொருந்துகின்றன. ஒரு காயில் அறுந்திருந்தால் தடை ஏறக்குறைய 53 ஓம் வந்திருக்கும்.

கிடைக்கும் திறன் 190 × 7.2 = 1368 வாட். 2000 வாட்டுக்குக் காசு கொடுத்து மூன்றில் இரண்டு பங்குதான் வாங்குகிறீர்கள். வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, சூடு ஏன் 32 சதவீதம் குறைகிறது என்று கேட்கலாம். வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் அதே அளவு குறையும். இரண்டையும் பெருக்கும்போது இழப்பு இரட்டிக்கிறது. முதல் வாரத்துக்கு வேண்டிய 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் எட்டாததற்குக் காரணம் இதுதான்.

இனி ஒயர். வழியில் விழுந்தது 40 வோல்ட்; 40 ÷ 7.2 = 5.56 ஓம். 1.5 சதுர மி.மீ. தாமிரத்துக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். கரன்ட் போகவும் வரவும் வேண்டும், ஆகவே 150 அல்ல, 300 மீட்டர் என்று கணக்கிட வேண்டும் (பலர் தவறுவது இங்கேதான்). அது 3.63 ஓம். மிச்சம் 1.93 ஓம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வாய்ப்புகள். ஒன்று, ஜாயின்ட் தளர்ந்து கறுத்திருக்கலாம். மற்றொன்று, ஒயரே 1 சதுர மி.மீ. ஆக இருக்கலாம்; அதற்கு 300 மீட்டரில் 5.43 ஓம் வரும், உங்கள் கணக்குக்கு மிக அருகில். பிரித்தறிய, ஹீட்டர்களை ஓடவிட்டு ஜாயின்ட்டுக்கு முன்னும் பின்னும் வோல்டேஜ் பாருங்கள். முன்னே 217, பின்னே 203 என்று ஒரேயடியாக இறங்கினால் பழுது ஜாயின்ட்டில். இரு பக்கமும் 210 அளவில் இருந்தால் ஒயர் மெலிது. மின்சாரம் ஓடும் கம்பியில் அளப்பதால் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஜாயின்ட் என்றால் தள்ளிப்போட வேண்டாம். 7.2 × 7.2 × 1.93 = 100 வாட், அந்த ஒரு முறுக்கில் சூடாக வெளியேறுகிறது. கூளமோ வைக்கோலோ பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கப் போதும். பிரேக்கர் விழுமே என்று நம்பாதீர்கள்: தளர்ந்த ஜாயின்ட் கரன்ட்டைக் குறைக்கத்தான் செய்கிறது, பிரேக்கருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது ஹீட்டர் மாட்டினால் கரன்ட் 9.9 ஆம்பியர் ஆகும், கொட்டகை வோல்டேஜ் 175க்கு இறங்கும், கிடைப்பது 1735 வாட். 1000 வாட் சேர்த்து 367 வாட்தான் லாபம். ஒயரில் வீணாவது 288 வாட்டிலிருந்து 547 வாட்டுக்கு ஏறும். ஜாயின்ட்டில் மட்டும் 190 வாட்.

ஜாயின்ட்டைச் சரிசெய்தாலும் 1.5 ஒயரில் 1550 வாட்டுக்கு மேல் வராது. 4 சதுர மி.மீ. தாமிரம் போட்டால் கொட்டகையில் 218 வோல்ட், 1800 வாட். 6 போட்டால் 222 வோல்ட், 1870 வாட். பிறகு ஹீட்டர் கூட்டும் எண்ணம் இருந்தால் 6 தான் சரி. 10 சதுர மி.மீ. அலுமினியமும் அதே தடைதான். ஆனால் தாமிரத்தோடு நேரடியாக முறுக்கக் கூடாது, இரு உலோகத்துக்கான கனெக்டர் வேண்டும். முடிந்தவரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுங்கள்.

அளக்கும்போது கவனம்: ஹீட்டர் ஓடாதபோது பார்த்தால் கொட்டகையிலும் 230 காட்டும், கரன்ட் இல்லாமல் வீழ்ச்சி இல்லை. கிளாம்ப் மீட்டரை ஒரே ஒயரில் மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான். தெர்மோஸ்டாட் அணைத்திருக்கும் நேரத்தில் எடுத்த அளவு பயன்படாது. இழை பல்பு மாட்டியிருப்பவர்கள் அணைந்த பல்பின் தடையை ஓம் மீட்டரில் பார்த்து வாட் கணக்குப் போட வேண்டாம். 200 வாட் பல்பு எரியும்போது 264 ஓம், குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பம்ப் மோட்டாருக்கும் இந்த வகுத்தல் ஒத்துவராது, அங்கே பவர் ஃபேக்டர் (வோல்டேஜும் கரன்ட்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் வரும் வித்தியாசம்) நுழைந்துவிடும்.

புது ஒயர் வரும்வரை ஒரு ஹீட்டரை மட்டும் ஓட்டி, தடுப்பு வளையத்தைச் சுருக்கிக் குஞ்சுகளை அதனடியில் வையுங்கள். கரன்ட் ஏறக்குறைய 3.9 ஆம்பியருக்கு, அதாவது பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான அளவுக்கு இறங்கும், ஜாயின்ட் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். குஞ்சுகள் வளையம் முழுக்கப் பரவிப் படுத்தால் சூடு போதும். ஓரத்துக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் ஹீட்டரை உயர்த்துங்கள்.