தாத்தா ஏன் பாடவில்லை?

அன்புள்ள ஐயா,

நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போன நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அம்மாவின் அப்பா ஒன்பது வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர். 1933 வாக்கில் இருக்கும். பதினாலு வயதில் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, கல்யாணம், குழந்தைகள். கம்பெனியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாடவும் மாட்டார். கல்யாண வீட்டில் யாராவது பாட ஆரம்பித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். ஆனால் கடைசி வரை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பார், அது எனக்கே நினைவிருக்கிறது. போன மாதம் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. புடவையும் நீளச் சடையுமாக இருந்த அந்தப் பெண் யார் என்று யோசித்தோம். தாத்தாதான். கூத்தாடி என்று சொல்வார்கள் என்ற வெட்கத்தில்தான் அவர் வாய் திறக்கவில்லை என்கிறார் அம்மா. கொடுமைப்படுத்தியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அந்த நாலு மணி விஷயம் என்னை விடவே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கம்பெனி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இன்று மயிலாப்பூரிலோ தி.நகரிலோ சபாவில் நாடகம் போடுகிறவர்கள் பகலில் ஆபீஸ் போய்விட்டு சாயங்காலம் வேஷம் கட்டுகிறவர்கள். 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய நாளிலிருந்து படித்தவர்களின் நாடகம் அப்படித்தான் நடந்து வருகிறது. உங்கள் தாத்தா இருந்தது வேறு உலகம். 1918ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று ஒன்றை ஆரம்பித்தார். நடிகர்கள் எல்லாம் சிறுவர்கள். பின்னால் நாடகத்தில் பேர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள், அதில் சண்முகத்துக்கு ஆறு வயது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சேர்ந்ததும் அண்ணனோடு சின்ன வயதில்தான். சிவாஜி தனக்கு யாருமே இல்லை, அநாதை என்று சொல்லி ஒரு கம்பெனிக்குள் நுழைந்தவர், முதலில் கட்டிய வேஷம் சீதை. ஆகவே புடவையும் சடையுமாக ஒரு பையன் போட்டோவுக்கு நின்றான் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கிடைப்பது பெரிய விஷயம், குரலும் முகமும் இருக்கிற பையனுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கம்பெனி ஒரு ஊருக்கு வந்தால் ஒரு ராத்திரி ஆடிவிட்டுப் போய்விடாது. வசூல் இருக்கிற வரை வாரக்கணக்கில், சில ஊரில் மாதக்கணக்கில் முகாம். சீன் படுதாக்கள், உடுப்புப் பெட்டிகள், ஆர்மோனியம், சமையல் பாத்திரம் எல்லாம் ரயிலில் வரும். இந்தக் கம்பெனிகள் இவ்வளவு ஊருக்குப் போக முடிந்ததே ரயில் பாதை வந்ததால்தான். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள், அதற்குக் கம்பெனி வீடு என்று பேர். பையன்கள் சாப்பிடுவதும், பாய் விரித்துப் படுப்பதும், நாடகப் பாடம் படிப்பதும், அடி வாங்குவதும் அங்கேதான். இங்கே சென்னைக்கு வந்தால் ரயிலிலிருந்து இறங்கி வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகைக்குச் சாமான் போகும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தூக்கக் கலக்கத்தில் ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்துகொண்டு நடக்கிற பையன்கள்தான் எனக்கு நினைப்பில் வருவார்கள்.

கொடுமை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. பள்ளிக்கூடம் கிடையாது. பல பையன்களுக்குச் சம்பளம் என்று பேர் இருந்தாலும் காசைக் கையால் தொட்டதில்லை, ஊரில் அப்பா வாங்கிக்கொள்வார் அல்லது முதலாளி கணக்கில் நிற்கும். வெளியே போக அனுமதி இல்லை, ஏனென்றால் நல்ல குரலுள்ள பையனை இன்னொரு கம்பெனிக்காரன் ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். வசூல் படுத்த வாரத்தில் சாப்பாடும் படுத்துவிடும். இதையெல்லாம் குருகுலம் என்ற அழகான சொல்லால் மூடி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒன்பது வயதுக் குழந்தை அம்மாவை விட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை அரிதாரத்தோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் தாத்தா பாடாமல் இருந்ததற்கு அந்தப் பிரம்பு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரை நான் பார்த்ததில்லை. அவரைப் போன்ற ஒருவரோடு எட்டு வருஷம் லாரியில் போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

1984லிருந்து ஒரு புராண நாடகக் குழுவில் பிராம்ப்ட், அதாவது நடிகர்களுக்கு மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது, சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து கிளம்பி நெய்வேலி, கும்பகோணம், காரைக்குடி என்று கோயில் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் போவோம். நடிகர்களுக்கு வேன், எங்களுக்கு லாரி. நாடகம் முடிந்து மங்களம் பாடியதும் ஜனங்கள் எழுந்து போவார்கள், எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம், அரண்மனையைப் பிரித்து, காட்டைச் சுருட்டி, ஆணி பொறுக்கி, லாரியில் ஏற்றி முடிக்க மூன்று மணி ஆகும், அப்புறம் சுருட்டின படுதா மேலேயே படுத்துத் தூங்கிவிடுவோம். முகத்தில் பூசுகிற முத்துவெள்ளையும் வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நின்றுவிடுவேன்.

எங்கள் குழுவில் சீன் கட்டுகிறவர் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எந்த ஊரிலும் அவர் முடிச்சு அவிழ்ந்ததில்லை. ஆனால் பாட்டு வருகிற காட்சி என்றால் படுதாவை ஏற்றிவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு லாரிப் பக்கம் போய்விடுவார். நான் பீடிக்குப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டு நாடகம் நின்று போய், காண்ட்ராக்டரும் பணத்தோடு காணாமல் போய், கல்யாண மண்டபத்துத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் சொன்னார்.

அவரும் பாய்ஸ் கம்பெனிப் பையன்தான். வள்ளி திருமணத்தில் வள்ளி. பதின்மூன்று வயதில் ஒரு ராத்திரி தினைப்புனத்தில் பரண் மேல் கவணோடு நின்று பறவை விரட்டுகிற ஆலோலம் பாடுகிறார், மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் சட்டென்று சுருதியை இறக்கினாராம். அப்போதும் குரல் நிற்கவில்லை. தரை டிக்கெட்டில் விசில். மறுநாள் யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவருடைய சவுரியை எடுத்து இன்னொரு பையன் தலையில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார்கள், இவரைப் படுதா இழுக்கச் சொன்னார்கள். "அடிச்சிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன் தம்பி" என்றார்.

குரல் அப்படி உடைவதை மகரக்கட்டு என்பார்கள். எல்லாப் பையனுக்கும் வருவதுதான், வீட்டில் இருக்கிற பையனுக்கு வந்தால் அத்தை கேலி செய்வாள், முடிந்தது. கம்பெனிப் பையனுக்கு அது வேலை போவது, பேர் போவது, சாப்பாட்டுப் பந்தியில் உட்காருகிற இடம்கூட மாறிப்போவது, எல்லாம் ஒரே வாரத்தில். மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்குக் கேட்கிற உச்சக் குரலைத்தான் ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்க வந்தார்கள். அந்தக் காலத்து சினிமா நடிகர் பி.யு.சின்னப்பாவுக்கே இது நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். பெண் வேஷம் கட்ட அவர் எதிரே ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், போட்டவர், குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டுப் போய்ச் சிலம்பம் கற்றுக்கொண்டார், பிறகு சினிமாவில் பாடகராகவே திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்தவர்களின் பேர்தான் நமக்குத் தெரியும். மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்பிலும் மளிகைக் கடையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

உங்கள் தாத்தா பதினாலு வயதில் திரும்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதைப் பார்த்ததும் எனக்கு அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். கல்யாண வீட்டில் எழுந்து போனது வெட்கமாக இருக்கலாம், அம்மா அவரோடு வாழ்ந்தவர், அவர் சொல்வதை நான் மறுக்க முடியாது. ஆனால் லாரிப் பக்கம் போன அந்தப் பெரியவரைப் பார்த்த எனக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை.

இப்போது அந்த நாலு மணி. அண்ணனும் எந்த ஊரில் படுத்தாலும், எத்தனை மணிக்குப் படுத்தாலும் விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கேட்டதற்கு, அதுதான் குரல் சாதகம் செய்கிற நேரம், வாத்தியார் எழுப்பிவிடுவார், உடம்பு பழகிப்போச்சு என்றார். எழுந்து என்னண்ணே செய்வீங்க என்று கேட்டேன். சும்மா மனசுக்குள்ள ஒரு சுற்றுப் பாடிப் பார்ப்பேன் என்றார்.

அந்தப் போட்டோவைப் பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கம் அல்லது கீழ் ஓரத்தில் ஸ்டுடியோவின் பேரும் ஊரும் அழுத்தின முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இருந்தால் எந்த ஊர் முகாமில் எடுத்தது என்று தெரிந்துவிடும், வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனியையே கண்டுபிடிக்க வழி உண்டு. முத்திரையில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் நானும் விசாரிக்கிறேன். தாத்தா என்ன நகை போட்டிருக்கிறார், கையில் கவண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கவண் இருந்தால் அவரும் வள்ளிதான்.