பைபாஸுக்குப் பிறகு அப்பாவுக்குக் கண் மங்கியது: பதில்

தம்பி, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பைபாஸ் முடிந்து வீடு வந்த அப்பாவுக்கு நேற்றுக் காலையிலிருந்து வலது கண்ணில் கீழ்ப்பாதி இருட்டு, வலி இல்லை. கண்ணாடிக் கடையில் "புரையாக இருக்கும்" என்றார்கள். புரை ஒரே இரவில் வராது. திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

இதய ஆப்பரேஷனில் ரத்த அழுத்தம் இறங்குவதும் ரத்தம் குறைவதும் உண்டு. அதனால் பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் போகலாம். சில நாள் கழித்தும் தெரியவரும். பாதி இருட்டுவது அதில் அடிக்கடி காண்பது. சிறு ரத்தக்கட்டி விழித்திரைக் குழாயை அடைத்தாலும் பார்வை போகும். மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறையும். கிளம்புமுன் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சுவர் காலண்டரில் எந்த எண்கள் தெரியவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

டிஸ்சார்ஜ் கடிதம், மருந்துகள் எல்லாம் கையில் இருக்கட்டும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, இரவு பிரஷர் மாத்திரை அளவு சரியா என்று கேளுங்கள். தலைவலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது வேறு நோய், ஸ்டெராய்டு உடனே தேவைப்படும்.

நரம்பு பாதித்திருந்தால் போன பார்வை முழுதாகத் திரும்புவது கடினம், தம்பி. ஆனாலும் அடுத்த கண்ணையும் மூளையையும் காக்க இப்போதே போக வேண்டும்.