இருபத்திரண்டு சதுரம், ஆளுக்கொரு அளவு

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் பதினொரு பெண்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒன்றாக இருந்து தைக்கிறோம். முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுக்க ஒட்டுப்போர்வை செய்யலாம் என்று தொடங்கினோம். பழைய சேலை, சாரம், சீத்தைத் துண்டு எல்லாம் சேர்த்து, ஐந்து பட்டிகளை இணைத்த 11 அங்குலச் சதுரம் ஆளுக்கு இரண்டு தைத்து வரச் சொன்னோம். 22 சதுரம் வந்தது. சில 10 அங்குலம், சில பதினொன்றேகால். சேர்த்துத் தைத்தால் நடு புடைக்கிறது, ஓரம் அலை அலையாக நிற்கிறது. யாருடையதையும் திருப்பிக் கொடுத்து மனம் நோகப் பண்ண விருப்பமில்லை. என்ன செய்யலாம்? உள்ளே எந்தப் பஞ்சு வைப்பது?

பதில்: உங்களில் ஒருவரும் பிழையாகத் தைக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் மெஷினுக்குச் சரியாகத்தான் தைத்திருக்கிறார்கள். சிக்கலே அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 3 அங்குல அகலத்தில் ஐந்து பட்டி என்றால் மொத்தம் 15. நடுவில் நான்கு தையல். அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலத்தைத் தின்னும். 15 இல் 4 போனால் 11. சரி. இனி ஒருவர் அரைக்கால் அங்குலம் மட்டும் கூடுதலாக உள்ளே தள்ளித் தைக்கிறார் என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் ஒரு தையலுக்குக் கால் அங்குலம் போகிறது, நான்கு தையலுக்கு ஒரு முழு அங்குலம். உங்கள் 10 அங்குலச் சதுரம் வந்த வழி இதுதான். பழைய கை மெஷினின் பாதம் ஒரு அகலம், புதுக் கரண்ட் மெஷினின் பாதம் வேறு அகலம். பாதத்தின் ஓரத்தைக் கணக்குப் பிடித்துத் தைக்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. தனியாகச் சட்டை தைக்கும்போது அது ஒன்றும் செய்யாது. பதினொரு பேர் சேரும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

தைத்த 22 சதுரத்தில் ஒன்றையும் பிரிக்கவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி ஒரே நிறத்தில் ஒரு கரை வையுங்கள். இரண்டேகால் அங்குல அகலத்தில் பட்டி வெட்டி, அரை அங்குலம் விட்டு நான்கு பக்கமும் தைத்தால் உங்கள் 10 அங்குலச் சதுரம் பன்னிரண்டரை ஆகும், பதினொன்றேகால் சதுரம் பதின்மூன்றேமுக்கால் ஆகும். பிறகு 12 அங்குலத்தில் ஒரு பிளைவூட் துண்டை அச்சாக வைத்து, நடுவைப் பார்த்து, எல்லாவற்றையும் அதே அளவுக்கு வெட்டுங்கள். சில சதுரத்தில் கரை ஒரு அங்குலம் தெரியும், சிலவற்றில் அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தெரியும். அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கும். கடும் நீலமோ மெரூனோ கரைக்கு நல்லது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் வெறும் நிறப் பகுதி கிடைத்தால் இன்னும் நல்லது.

நான்கு வரிசை அகலம், ஐந்து வரிசை நீளம் வைத்தால் 20 சதுரம். முடிந்த போர்வை 44க்கு 55 அங்குலம் வரும். கதிரையில் இருக்கும் ஒரு அம்மாவின் மடிக்கும் தோளுக்கும் அது போதும், கட்டிலுக்குப் போதாது. கட்டிலுக்கென்றால் 35 சதுரம் வேண்டும். அதனால் இல்லத்துக்கு ஒரு தடவை போய் எது தேவை என்று கேட்டுவிட்டே மேலே தையுங்கள். கேட்காமல் தைத்து நான் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த போர்வையிலிருந்து இரண்டு பழக்கத்தை மாற்றுங்கள். ஒன்று, வெட்டுவது ஒரே ஆள். தைப்பது எத்தனை பேராகவும் இருக்கட்டும், வெட்டும் கை ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டிய பட்டிகளை ஐந்தைந்தாகக் கட்டி, ஆளுக்கு இரண்டு கட்டு கொடுத்து அனுப்புங்கள். இரண்டாவது, ஊசியிலிருந்து அரை அங்குலத்தை அடிமட்டத்தால் அளந்து, மெஷின் தட்டில் மருந்துக்கடைப் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தத் திட்டில் உரசிக்கொண்டு போகும், கண் பார்க்காவிட்டாலும் கை தவறாது. பிறநாட்டுத் தையல் புத்தகங்களில் கால் அங்குலம் என்று இருக்கும். அது நெருக்கமாக நெய்த பருத்திக்குச் சொன்னது. நம் சேலையும் கைத்தறியும் இழை பிரியும், கல்லில் அடித்துத் துவைத்தால் கால் அங்குலத் தையல் நிற்காது. அரை அங்குலத்தை விடாதீர்கள்.

ஓரம் அலை அலையாக வருவதற்குக் காரணம் வேறு. துணியைக் கோணலாக வெட்டினால் அது இழுபடும். பருத்தியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் ஓரத்தில் சின்னதாகக் கீறி, கையால் கிழியுங்கள். இழை போகும் வழியில் நேராகக் கிழிந்து வரும். எங்கள் அம்மம்மா அளவு நாடாவே இல்லாமல் இப்படித்தான் தலையணை உறை தைத்தார்.

துணியைத் தெரிவதிலும் ஒரு கண் வேண்டும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்துவிட்டால் துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. அயன் பிடிக்கும்போது ஒன்று விறைக்கும், மற்றது உருகும். சந்தேகமான சேலையில் நாலு இழை உருவி, முற்றத்தில் குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரிந்த மணமும் ஊதினால் பறக்கும் சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக உறைந்தால் பொலியெஸ்டர், அதை ஒதுக்கிவிடுங்கள். பட்டுச் சேலையையும் கொண்டுவர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொண்டுவந்த பிறகு மறுப்பதுதான் கஷ்டம்.

கடும் சிவப்பும் கடும் நீலமும் வெந்நீரில் வெள்ளைத் துண்டோடு ஒரு மணித்தியாலம் ஊறட்டும். வெள்ளையில் நிறம் ஏறினால் திரும்பக் கழுவுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். உப்பைப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். கடையில் வாங்கிய துணியில் அது நடந்து நான் பார்த்ததில்லை.

சாமி படமோ வேத எழுத்தோ உள்ள துணியையும் ஒதுக்குங்கள். போர்வை யார் காலுக்குக் கீழே போகும் என்று நமக்குத் தெரியாது. இங்கே எல்லாச் சமயத்தவரும் ஒரே வாட்டில்தான் படுக்கிறார்கள்.

இனிப் பஞ்சுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் நானும் என் மாணவிகளும் ஆறு போர்வை தைத்து ஓர் இல்லத்துக்குக் கொடுத்தோம். நல்ல தடிப்பாக இருக்கட்டும் என்று நடுவில் பழைய குளியல் துவாய் வைத்தோம். கார்த்திகை மழை தொடங்கியது. துவைத்த போர்வையைத் தூக்கிக் கொடியில் போடவே இரண்டு பேர் வேண்டுமாம். மூன்று நாளாகியும் காயவில்லை, மணம் பிடித்துவிட்டது. ஆறும் அலுமாரிக்குள் போனது. அங்கே வேலை செய்யும் அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “டீச்சர், கச்சானுக்குத் தந்திருந்தா ஒரு மணித்தியாலத்துல காஞ்சிருக்கும். கச்சானுக்க ஆரு போர்வ போத்துற?” கச்சான் என்று அவர் சொன்னது, இங்கே சூடான வறண்ட காற்று வீசும் காலத்தை.

அதிலிருந்து நடுவுக்கு நான் வைப்பது ஒரே ஒரு படை: பல தடவை துவைத்து மெலிந்த பருத்திச் சேலை அல்லது பழைய பெட்ஷீட். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்று தைப்பதும் இப்படித்தான். பழைய சேலைகளை அடுக்கி, மேலே நூலோட்டம் போட்டுவிடுவார்கள், பஞ்சே இல்லை. கடையில் விற்கும் பொலியெஸ்டர் பஞ்சு பாரமில்லை, காயவும் செய்யும். ஆனால் நம் ஊர் இரவில் வியர்க்க வைக்கும். இலவம் பஞ்சு தலையணைக்கு மட்டும். போர்வைக்குள் போட்டால் முதல் துவைப்பிலேயே மூலைக்குப் போய்க் கட்டியாகும்.

மூன்று படையையும் சேர்க்க ஒரு சிமெந்துத் தரை வேண்டும். அடித்துணி மேல்துணியை விட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அதை இழுத்து, ஓரத்தை டேப்பால் தரையில் ஒட்டி, மேலே மற்ற இரண்டையும் விரித்து, நான்கு விரல் இடைவெளியில் சேஃப்டி பின் குத்துங்கள். இருநூறு முந்நூறு பின் போகும். குத்துமுன் எண்ணி ஒரு தகரப் பேணியில் எழுதி ஒட்டுங்கள், கழற்றிய பிறகும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும் வரை போர்வை வெளியே போகக் கூடாது. மெஷினில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கரைகளின் மேல் தைக்கட்டும். மறுகா எல்லாரும் சுற்றி இருந்து, சதுரங்களுக்குள் கையால் நூலோட்டம் போடலாம். எங்கள் கூட்டத்தில் கதை நடப்பது அந்த நேரம்தான், தையல் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை.

எப்போதாவது குழந்தைகளுக்குத் தைக்க நினைத்தால், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை தூங்கும்போது போர்வை கூடாது, மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. அந்த வயதுக்கு நிலத்தில் விரித்து விளையாட விடும் விரிப்பாகக் கொடுங்கள். பொத்தான், மணி, சிமிக்கி ஒன்றும் வேண்டாம். கொடுக்கும்வரை பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். துவைக்கும் முறையைச் சின்னத் துணியில் எழுதி மூலையில் தைத்துவிடுங்கள், அம்பாறைப் பக்கம் போகும் என்றால் சிங்களத்திலும்.

உங்கள் 22 இல் இரண்டு சதுரம் மிஞ்சும், அல்லவா? ஒன்றின் நடுவில் பழைய சேலையும் மற்றதில் பொலியெஸ்டரும் வைத்துத் தைத்து, சனிக்கிழமை வந்தவுடன் இரண்டையும் நனைத்துத் தாழ்வாரத்துக் கொடியில் போடுங்கள். தையல் முடிந்து எழும்பும்போது தொட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு ஆளுக்கு ஆள் மடியில் வைத்தும் பார்க்கட்டும். எதை வைப்பது என்று அப்போது நீங்களே சொல்வீர்கள்.